சின்ன கம்ப்யூட்டருக்கு எந்த பவர் சப்ளை? வாட் கணக்கிலிருந்து கடைசி ஒயர் வரை

மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு, உள்ளேயே கிராஃபிக்ஸ் கொண்ட ப்ராசஸர், ஒரு எஸ்எஸ்டி. இவ்வளவை வைத்து நாமே கட்டும் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது 10 முதல் 25 வாட் வரைதான் இழுக்கும். நாளின் பெரும்பகுதி அது சும்மாதான் இருக்கும். ஒரு பக்கத்தைப் படிப்பதும், தட்டச்சு செய்வதும் ப்ராசஸருக்கு ஒரு வேலையே அல்ல. இதற்கு 650 வாட் பவர் சப்ளையை மாட்டினால், அது தன் முழு அளவில் 3 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் பவர் சப்ளை தன் சொந்தச் செலவுக்கே ஏழெட்டு வாட் எடுத்துக்கொள்ளும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பெட்டியில் ஒட்டியிருக்கும் 80 பிளஸ் கோல்டு என்ற திறன் முத்திரை இங்கே கைகொடுக்காது. அந்தச் சோதனை 20, 50, 100 சதவீத லோடில் நடப்பது. டைட்டானியம் தரத்துக்கு 10 சதவீதமும் உண்டு. 650 வாட்டில் 20 சதவீதம் என்றால் 130 வாட். நம் கம்ப்யூட்டர் முழு வேகத்தில் ஓடினாலும் அதைத் தொட்டால் அதிகம். 20 வாட்டில் அந்தப் பவர் சப்ளை எப்படி நடந்துகொள்ளும் என்று முத்திரை எதுவும் சொல்வதில்லை. திறன், அதாவது வாங்கும் மின்சாரத்தில் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும் பங்கு, 70 சதவீதத்துக்கு இறங்கும் பவர் சப்ளைகளும் உண்டு, 80-க்கு மேல் நிற்பவையும் உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு வாட் மிச்சம் என்றால், 24 மணி நேரமும் ஓடும் கம்ப்யூட்டரில் வருடத்துக்கு 8.76 யூனிட். 20 வாட் லோடில் 70 சதவீதத் திறனுக்கும் 85 சதவீதத் திறனுக்கும் இடையே சுமார் 5 வாட் வித்தியாசம். வருடத்துக்கு 44 யூனிட். கோப்புகளைச் சேமித்துவைக்கும் சர்வராக இரவு பகலாக ஓடினால் இது கணக்கில் வரும். தினமும் மூன்று மணி நேரம் மட்டும் ஓடும் கம்ப்யூட்டரில் நல்ல பவர் சப்ளை ஏற்கெனவே இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். சின்னதாக்குவதற்கு அங்கே இடமும் சத்தமும்தான் உண்மையான காரணங்கள்.

முதலில் ப்ராசஸருக்குக் கடிவாளம்

பலரும் அடாப்டரைத் தேர்ந்தெடுத்த பிறகு ப்ராசஸரைப் பற்றி யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ப்ராசஸர் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கலாம் என்பதை பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், நீங்கள் தீர்மானிக்க முடியும். அதைத் தீர்மானித்துவிட்டுத்தான் மீதி எல்லாம்.

பெட்டியில் எழுதியிருக்கும் 65 வாட்டை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. ஏஎம்டியின் 65 வாட் ப்ராசஸர் சாக்கெட்டில் 88 வாட் வரை எடுக்கலாம். இன்டெல் ஐ5-12400 அடிப்படையில் 65 வாட், டர்போவில் 117 வாட். 35 வாட் என்று விற்கும் 12400டி கூட டர்போவில் 74 வாட்டுக்குப் போகும். அந்த 35-ஐ மட்டும் பார்த்து 60 வாட் அடாப்டர் வாங்கியவர்களின் கம்ப்யூட்டர், முதல் பெரிய வேலையைக் கொடுத்ததும் அணைந்துவிடுகிறது.

இன்டெல் போர்டில் பயாஸுக்குள் பிஎல்1, பிஎல்2 என்று இரண்டு எண்கள் இருக்கும். பிஎல்1 நீண்ட நேரத்துக்கான எல்லை, பிஎல்2 சில நொடிகளுக்கான டர்போ எல்லை. பல போர்டுகளில் பிஎல்2 இருக்க வேண்டிய இடத்தில் 4095 அல்லது 4096 என்று நிற்கும். எல்லையே இல்லை என்று அர்த்தம். பிஎல்1-ஐ 35-க்கும், பிஎல்2-ஐ 60-க்கும் இறக்கினால் சாதாரண 12400, 12400டி போலவே அடக்கமாக நடந்துகொள்ளும். டி ரக ப்ராசஸரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஏஎம்டியில் இதே வேலையை ஈகோ மோடு செய்கிறது. 65 வாட் ப்ராசஸரில் 45 வாட் ஈகோ மோடைத் தேர்ந்தெடுத்தால் சாக்கெட் எல்லை 88-லிருந்து சுமார் 61 வாட்டுக்கு இறங்கும். அன்றாட வேலையில் வேகக் குறைவு தெரியாது. நீண்ட நேர வீடியோ என்கோடிங்கில்தான் கடிகாரம் காட்டிக்கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. பயாஸ் அப்டேட் செய்தாலோ, பயாஸ் அமைப்புகளை நினைவில் வைக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றினாலோ இந்த எல்லைகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று அணைய ஆரம்பித்தால், அடாப்டரைச் சந்தேகிப்பதற்கு முன் இதைப் பாருங்கள். வைத்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவைப்பது நல்லது.

கூட்டல் கணக்கு

65 வாட் ரக ஏஎம்டி ப்ராசஸர், இரண்டு ராம், ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி, இரண்டு ஃபேன் கொண்ட கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். ஈகோ மோடில் ப்ராசஸர் 61 வாட். ஆனால் இது சாக்கெட்டில். மதர்போர்டின் விஆர்எம் 12 வோல்ட்டை ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கும்போது பத்து பன்னிரண்டு சதவீதத்தைச் சூடாக்கிவிடும், 61-ஐ 0.88-ஆல் வகுத்தால் 69 வாட். ராமுக்கு 6, சிப்செட்டுக்கும் லேனுக்கும் 8, எஸ்எஸ்டிக்கு 6, ஃபேன்களுக்கு 3, யுஎஸ்பியில் மாட்டியவற்றுக்கு 5. மொத்தம் 97 வாட். ஈகோ மோடு போடாமல் விட்டால் ப்ராசஸர் மட்டும் 100 வாட், மொத்தம் 128.

97 வாட்டுக்கு 120 வாட் அடாப்டர் சரியாக இருக்கும். அடாப்டரை அதன் எல்லையில் 80 சதவீதத்துக்கு மேல் மணிக்கணக்கில் ஓட்டாமல் இருப்பதே நல்லது. மேசைக்குப் பின்னால், காற்றோட்டம் இல்லாத இடத்தில், மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் அது கிடக்கும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுளைச் சூடுதான் தீர்மானிக்கிறது.

3.5 இன்ச் ஹார்டு டிஸ்க் இருந்தால் கணக்கு மாறும். ஓடும்போது ஏழெட்டு வாட்தான். ஆனால் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது 24 வாட் கேட்கும். இரண்டு டிஸ்க் என்றால் பவர் பட்டனை அழுத்திய அந்த நொடியிலேயே 48 வாட். கம்ப்யூட்டர் ஆன் ஆகி, ஒரு நொடியில் அணைந்து, மறுபடி ஆன் ஆகும் தொல்லைக்கு இது ஒரு வழக்கமான காரணம்.

எந்த வழி?

வெளியே அடாப்டர், உள்ளே டிசி-டிசி போர்டு. இதைத்தான் பலரும் பைக்கோ பிஎஸ்யூ என்கிறார்கள். அது ஒரு கம்பெனி வைத்த பெயர், இப்போது ரகத்துக்கே பெயராகிவிட்டது. மதர்போர்டின் 24 பின் சாக்கெட்டில் நேராகச் செருகும் விரல் நீளச் சர்க்யூட் அது. 12 வோல்ட் மட்டும் ஏற்கும் சாதாரண ரகத்தில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சர்க்யூட் 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் தானே தயாரிக்கிறது. 12 வோல்ட்டை மட்டும் தயாரிப்பதில்லை. அடாப்டரிலிருந்து வருவதை ஒரு சுவிட்ச் வழியாக அப்படியே அனுப்பிவிடுகிறது. அடாப்டர் 11.3 கொடுத்தால் மதர்போர்டுக்கும் 11.3-தான். ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் லைன் 11.40-க்கும் 12.60-க்கும் இடையில் இருக்க வேண்டும். எனவே எல்இடி விளக்குகளுக்கோ கேமராக்களுக்கோ விற்கும் மலிவான 12 வோல்ட் அடாப்டர் இங்கே வேண்டாம். லோடு ஏறும்போது அதன் வோல்டேஜ் சரிந்துவிடும்.

5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் இந்தச் சர்க்யூட்கள் பொதுவாக 6 ஆம்பியர் அளவுதான் கொடுக்கும். எம்.2 எஸ்எஸ்டி 3.3 வோல்ட்டில் ஓடுவது, யுஎஸ்பியும் 2.5 இன்ச் டிஸ்க்கும் 5 வோல்ட்டில் ஓடுபவை. சாதாரணப் பயன்பாட்டுக்கு இது தாராளம். யுஎஸ்பியில் நான்கைந்து வெளி டிஸ்க்குகளைத் தொங்கவிடுபவர்கள் மட்டும் 5 வோல்ட்டைத் தனியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கிராஃபிக்ஸ் கார்டு சேர்க்க நினைத்தால் 20 பின் ரகத்தைத் தவிர்த்துவிடுங்கள். 24 பின் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு இரண்டு பின்கள் உண்டு. 20 பின்னில் ஒன்றுதான். ஸ்லாட்டிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கும் 75 வாட் கார்டு 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் வரை இழுக்கும். அதுவும் ஃபேன்களும் ஒரே பின் வழியாகப் போனால் பிளக் பழுப்பேறி உருகக்கூடும்.

19 வோல்ட் ஜாக் உள்ள மதர்போர்டு. தின் மினி ஐடிஎக்ஸ் போர்டுகளும், ஏஎஸ்ராக் டெஸ்க்மினி போன்ற மினி எஸ்டிஎக்ஸ் பெட்டிகளும் இந்த வகை. லேப்டாப் அடாப்டர் போன்ற ஒன்றை நேராகப் பின்னால் செருகலாம். டெஸ்க்மினி எக்ஸ்300 வருவதே 19 வோல்ட் 120 வாட் அடாப்டரோடுதான். கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம் என்றால் தலைவலி குறைந்த வழி இதுதான். போர்டு 19-ஐ 12 ஆகவும் 5 ஆகவும் தானே மாற்றிக்கொள்கிறது, அதனால் கேபிளில் கால் வோல்ட் அரை வோல்ட் குறைந்தாலும் யாருக்கும் கவலையில்லை. சாதாரண மினி ஐடிஎக்ஸ் போர்டுக்கும் 16 முதல் 24 வோல்ட் ஏற்கும் டிசி-ஏடிஎக்ஸ் சர்க்யூட்கள் கிடைக்கின்றன. 100 வாட்டுக்கு மேல் போகிறீர்கள் என்றால் 12 வோல்ட் ரகத்தைவிட இவற்றையே வாங்கச் சொல்வோம். காரணம் அடுத்த பகுதியில்.

யுஎஸ்பி-சி சார்ஜர். 20 வோல்ட் 5 ஆம்பியர் கொடுக்கும் 100 வாட் சார்ஜரோடு, அதனிடம் 20 வோல்ட்டைக் கேட்டு வாங்கும் ஒரு ட்ரிகர் போர்டைச் சேர்த்து 19-20 வோல்ட் கம்ப்யூட்டரை ஓட்டலாம். கேபிள் 5 ஆம்பியருக்கு உரியதாக, இ-மார்க்கர் சிப் உள்ளதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜர் 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 12 வோல்ட் பைக்கோவுக்கு இந்த வழி ஒத்துவராது. யுஎஸ்பி பவர் டெலிவரி விதியில் 5, 9, 15, 20 வோல்ட்தான் கட்டாயப் படிகள்; 12 வோல்ட்டைக் கொடுப்பதும் கொடுக்காததும் சார்ஜரின் விருப்பம். இன்னொன்று: பல போர்ட் உள்ள சார்ஜரில் கம்ப்யூட்டர் ஓடும்போது பக்கத்து போர்ட்டில் மொபைலைச் செருகினால், சார்ஜர் இருவருக்கும் பங்கு பிரிக்க ஒரு கணம் எல்லாவற்றையும் நிறுத்தும். மொபைலுக்கு அது தெரியாது. கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

உள்ளேயே பெட்டி. தனி பவர் கேபிள் கேட்கும் கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் விவாதத்துக்கு இடமில்லை, சின்ன கேபினட்டுக்கான பவர் சப்ளை ரகமான எஸ்எஃப்எக்ஸ்தான். அளவு 125 × 63.5 × 100 மிமீ. அத்தகைய கார்டுகள் மில்லி நொடிக் கணக்கில் தங்கள் சராசரியைப்போல இரு மடங்கு வரை எகிறக்கூடியவை; சின்ன அடாப்டர் அதை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து நின்றுவிடும். ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் இன்னும் ஒல்லி, 81.5 × 40.5 × 150 மிமீ. ஆனால் அதன் 40 மிமீ ஃபேன் கீச்சிடும். படுக்கையறையில் வைக்கப்போகிறவர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

திறந்த நிலையில் விற்கும் ஏசி-டிசி மாட்யூலை கேபினட்டுக்குள் திருகி வைப்பதும் சிலரது வழி. அதில் கையெட்டும் தூரத்தில் வீட்டு மின்சாரம் திறந்து கிடக்கும். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். கேபினட்டுக்கு எர்த் கொடுப்பது, டெர்மினலை மூடுவது, ஃப்யூஸ் போடுவது எல்லாம் கைவந்தவர்களுக்கு மட்டும் இது.

கடைசி ஒன்றரை மீட்டர்

வாட் போதாமல் கெட்டுப்போகும் கம்ப்யூட்டர்கள் குறைவு. ஒயரிலும் பிளக்கிலும் கெட்டுப்போகிறவைதான் அதிகம்.

அடாப்டரிலிருந்து வரும் ஒயர் 18 கேஜ், நீளம் 1.5 மீட்டர் என்று வைப்போம். போக வர 3 மீட்டர். 18 கேஜ் செம்பு ஒயரின் தடை மீட்டருக்கு 21 மில்லி ஓம், மொத்தம் 63. நம் 97 வாட் கம்ப்யூட்டர் 12 வோல்ட்டில் 8 ஆம்பியர் இழுக்கும்போது ஒயரிலேயே அரை வோல்ட் போய்விடும். அடாப்டர் வாயில் 12.0 இருந்தால் மதர்போர்டுக்கு 11.5. இதற்கு மேல் பிளக்கில் கொஞ்சம் போனால் 11.4 என்ற எல்லையைத் தொட்டுவிடுவோம். அதைவிடத் தடித்த 16 கேஜ் ஒயரில் இதே இழப்பு 0.32 வோல்ட்தான். 19 வோல்ட் அடாப்டரில், கன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, கரண்ட் சுமார் 5.4 ஆம்பியர், அதில் மூன்றில் ஒரு வோல்ட் போனாலும் கன்வெர்ட்டர் சரிசெய்துகொள்ளும். 100 வாட்டுக்கு மேல் 19 வோல்ட் என்று சொன்னது இதனால்தான்.

அடுத்தது பிளக். உருண்டை டிசி பிளக்கில் இரண்டு அளவுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்: 5.5 × 2.1, 5.5 × 2.5. 2.1 பிளக் 2.5 ஜாக்கின் நடுப்பின்னில் ஏறாது, அதனால் ஆபத்தில்லை. 2.5 பிளக் 2.1 ஜாக்கில் தாராளமாக ஏறிவிடும். கம்ப்யூட்டரும் ஓடும். ஆனால் நடுப்பின்னை அது முழுதாகப் பற்றியிருக்காது. அந்தத் தொடுபுள்ளியில் 50 மில்லி ஓம் தடை இருந்தால் 8 ஆம்பியரில் 3.2 வாட் சூடு, கடுகளவு இடத்தில். அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டிவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள்.

சாதாரண உருண்டை ஜாக்குகள் 5 ஆம்பியருக்குத்தான்; நல்லவை ஏழரை, பத்து வரை தாங்கும். அதற்கு மேலான 12 வோல்ட் அடாப்டர்கள் நான்கு பின் டின் பிளக்கோடு வரும். அதில் எந்தப் பின் பிளஸ், எந்தப் பின் மைனஸ் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே மாதிரி இரண்டு அடாப்டர்கள், உள்ளே நேர்மாறான இணைப்போடு இருக்கலாம். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகினால் டிசி சர்க்யூட் அந்தக் கணமே போய்விடும்.

கேபிள்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எஃப்எக்ஸ் வாங்கியவர்களுக்கும் இதே பாடம் வேறு உருவில். கேபிளின் மதர்போர்டு முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். பவர் சப்ளை முனை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் கூட வேறு. பழைய பவர் சப்ளையின் சாட்டா கேபிள் புதியதில் அழகாகச் செருகும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டை அனுப்பி டிஸ்க்கைக் கொன்றுவிடும். ஒரு பக்கம் மோலெக்ஸ், மறுபக்கம் பிளாஸ்டிக்கில் வார்த்த சாட்டா பிளக் என்று வரும் மாற்றுக் கேபிள்களும் வேண்டாம். வார்ப்புக்குள் ஒயர்கள் நகர்ந்து ஒன்றையொன்று தொட்டு எரிந்த கதைகள் ஏராளம். தனித்தனி ஒயர்களைக் கிரிம்ப் செய்த பிளக் உள்ளதை வாங்குங்கள்.

மாட்டுவதற்கு முன்பும் பின்பும்

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். அடாப்டரை மட்டும் ஆன் செய்து, பிளக்கின் உள்பக்கம் சிவப்பு முனை, வெளிப்பக்கம் கறுப்பு முனை. 12-க்கு அருகே, மைனஸ் குறி இல்லாமல் காட்ட வேண்டும். காட்டினால் அணைத்துவிடுங்கள்.

டிசி சர்க்யூட்டை மதர்போர்டில் செருகாமல், அதன் 24 பின் பிளக்கில் 16-வது பின்னை (ஒயர் இருந்தால் பச்சை) பக்கத்தில் உள்ள கிரவுண்டோடு ஒரு சின்னக் கம்பியால் சேருங்கள். மதர்போர்டு பவர் பட்டனை அழுத்தும்போது செய்வதும் இதைத்தான். அடாப்டரை இந்தச் சர்க்யூட்டில் செருகி மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது 3.3 வோல்ட் பின் 3.14-க்கும் 3.47-க்கும் இடையே, 5 வோல்ட் பின் 4.75-க்கும் 5.25-க்கும் இடையே காட்ட வேண்டும். ஊதா ஒயரில் வரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, கம்பியை எடுத்த பிறகும் இருக்க வேண்டும். 8-வது பின், பவர் குட் சிக்னல், ஆன் ஆனதும் 5 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். மதர்போர்டு இதைப் பார்த்த பிறகுதான் ப்ராசஸரை எழுப்பும். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஃபேன் சுற்றி, திரை கறுப்பாகவே நின்றால் இந்தப் பின்னைச் சந்தேகிக்கலாம்.

மதர்போர்டில் செருகும்போது 20 பின் ரகம் 24 பின் சாக்கெட்டின் எந்த ஓரத்தில் உட்கார வேண்டும் என்பதைப் பாருங்கள். 1-வது பின் இருக்கும் பக்கம்தான். ப்ராசஸருக்கான 4 பின் பிளக்கை மறந்துவிடுவது புதியவர்கள் மட்டும் செய்யும் தவறல்ல. 8 பின் சாக்கெட்டில் 4 பின் பிளக்கைச் செருகலாம், கடிவாளம் போட்ட 65 வாட் ப்ராசஸருக்கு அது போதும்: 69 வாட் என்றால் 5.8 ஆம்பியர், இரண்டு மஞ்சள் ஒயர்களில் பாதிப் பாதி.

அடாப்டர் பிளக்கை முதலில் ஜாக்கில் செருகிவிட்டு, பிறகு சுவரில் சுவிட்ச் போடுங்கள். மின்சாரம் இருக்கும்போது ஜாக்கில் செருகினால், காலியாக இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில் நிரம்பி சின்னத் தீப்பொறி பறக்கும். ஒருநாள் பறந்தால் ஒன்றும் ஆகாது. தினமும் பறந்தால் ஜாக்கின் முலாம் அரித்துப் போகும்.

முதல் தடவை விண்டோஸிலோ லினக்ஸிலோ ஏறியதும் அரை மணி நேரம் முழு லோடு கொடுங்கள். ப்ரைம்95 அல்லது ஸ்ட்ரெஸ்-என்ஜி, கூடவே கிராஃபிக்ஸுக்கு ஃபர்மார்க். அது ஓடும்போது மல்டிமீட்டரின் முனையை ப்ராசஸர் பிளக்கின் பின்பக்கம், மஞ்சள் ஒயர் நுழையும் துளையில் மெல்ல இறக்கிப் படியுங்கள். 11.6-க்கு மேல் நின்றால் நிம்மதி. 11.4-க்குக் கீழே போனால், டிசி சர்க்யூட்டின் ஜாக்கில் ஒருமுறை அளந்து பாருங்கள். ஜாக்கில் 11.8, ப்ராசஸர் பிளக்கில் 11.3 என்றால் குற்றவாளி உள்ளே இருக்கும் மெல்லிய ஒயர். ஜாக்கிலேயே 11.4 என்றால் அடாப்டர் அல்லது அதன் ஒயர். இந்த இரண்டு எண்களை எடுக்காமல் புது அடாப்டர் வாங்குவது இருட்டில் கல்லெறிவதுதான்.

டிசி சர்க்யூட்டையும் தொட்டுப் பாருங்கள். அதில் ஃபேன் கிடையாது. கேபினட்டில் காற்று போகும் வழியில் அது இருக்க வேண்டும். ஃபேனே இல்லாத கேபினட்டில் அதன் அறிவித்த வாட்டில் பாதியை நம்புவதே பத்திரம்.

சும்மா இருக்கும்போது குறைப்பது

சுவரில் செருகும் வாட் மீட்டர் 10-15 வாட்டில் காட்டும் எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டாம். சின்ன லோடில் கரண்டின் அலைவடிவம் கோணலாக இருக்கும், மலிவான மீட்டர் தடுமாறும். 24 மணி நேரம் விட்டு மொத்த யூனிட்டைப் பார்ப்பது மேல். 0.48 யூனிட் என்றால் சராசரி 20 வாட்.

பெரிய சேமிப்பு பயாஸில்தான் இருக்கிறது. ப்ராசஸரின் தூக்க நிலைகளான சி-ஸ்டேட்களைத் திறந்துவிடுங்கள், கார்டு இணைப்புகளைத் தூங்கவிடும் பிசிஐஇ ஏஎஸ்பிஎம்மை ஆன் செய்யுங்கள். இன்டெலில், லினக்ஸின் பவர்டாப் கருவியைத் திறந்து, பேக்கேஜ் நிலை சி8 அல்லது அதைவிட ஆழமான நிலைக்கு (எண் கூடக் கூடத் தூக்கம் ஆழம்) போகிறதா என்று பாருங்கள். சி2, சி3-யிலேயே நின்றால் ஏதோ ஒரு சாதனம் முழு ப்ராசஸரையும் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் கூடுதலாகச் செருகிய சாட்டா கார்டு அல்லது நெட்வொர்க் கார்டு. அந்தக் கார்டு இரண்டு வாட்தான் சாப்பிடும், ஆனால் அதனால் ப்ராசஸர் ஏழெட்டு வாட் கூடுதலாகச் சாப்பிடும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர குறுக்குவழி இல்லை. ஏஎம்டியில் எக்ஸ்போ, எக்ஸ்எம்பி போட்டு ராமை வேகமாக ஓட்டினால் சும்மா இருக்கும்போதும் சில வாட் கூடும். சர்வருக்கு அது தேவையில்லை.

இஆர்பி என்ற அமைப்பை ஆன் செய்தால் அணைத்த நிலையில் இழுப்பது அரை வாட்டுக்கும் கீழே போகும். கூடவே, நெட்வொர்க் வழியாக எழுப்புவதும் அணைத்த பிறகு யுஎஸ்பியில் மொபைல் சார்ஜ் ஏறுவதும் நின்றுவிடும்.

தொல்லைகளும் காரணங்களும்

லோடு கொடுத்ததும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அணைவது: அடாப்டரின் ஓவர்லோடு பாதுகாப்பு. அடாப்டரின் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் உறுதி. அது முயன்று, தோற்று, மறுபடி முயல்கிறது. விண்டோஸ் பதிவில் கெர்னல்-பவர் 41 மட்டும் இருந்து, வேறு பிழை எதுவும் இல்லாவிட்டால் இந்தப் பக்கம்தான் தேட வேண்டும். முதலில் பிஎல்2-ஐப் பத்து வாட் இறக்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் நோய் தெரிந்துவிட்டது.

யுஎஸ்பி டிஸ்க் அடிக்கடி காணாமல் போவது: 5 வோல்ட் லைனில் பலவீனம். தனி பவர் உள்ள யுஎஸ்பி ஹப் போட்டால் தீரும்.

கேபினட்டைத் தொட்டால் மெல்லிய கூச்சம்: இரண்டு பின் அடாப்டரில் வரும். உள்ளே இருக்கும் ஒரு சிறிய கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறு மின்சாரம் அது. கூச்சம் மட்டும் என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனால் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது போர்ட்டைச் சுடக்கூடும். எர்த் பின் உள்ள, வெளியீட்டு மைனஸை எர்த்தோடு இணைத்திருக்கும் மூன்று பின் அடாப்டர் வாங்கினால் கூச்சம் போகும். மூன்று பின் போட்ட பிறகும் இருந்தால் சுவர் சாக்கெட்டில் எர்த் வரவில்லை, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடாப்டரிலிருந்து மெல்லிய ரீங்காரம், அதுவும் மவுஸை நகர்த்தும்போது மாறுகிறது என்றால் அது காயிலின், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளின், சத்தம். பழுது அல்ல. சி-ஸ்டேட்டை அணைத்தால் நிற்கும், ஆனால் அதற்காக ஐந்து பத்து வாட்டைக் கொடுப்பது நஷ்ட வியாபாரம். வேறு அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

பேட்டரியிலிருந்து நேராக ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் சாதாரண 12 வோல்ட் பைக்கோவில் அல்ல. 12 வோல்ட் என்று சொல்லும் லெட் ஆசிட் பேட்டரி காலியாகும்போது 10.5, சார்ஜ் ஏறும்போது 14.4. நான்கு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 14.6 வரை போகும். பைக்கோ 12 வோல்ட்டை அப்படியே கடத்திவிடும் என்று பார்த்தோம், 14.4 வோல்ட் நேராக ஹார்டு டிஸ்க்குக்கும் ஃபேனுக்கும் விஆர்எம்முக்கும் போகும். 12.60-க்கு மேல் ஏறினால் தானே அணைந்துகொள்ளும் சர்க்யூட்கள் உண்டு, அணையாதவையும் உண்டு. பேட்டரிக்கு 6 முதல் 30 வோல்ட் வரை என்பதுபோல் அகலமான எல்லை ஏற்று, 12 வோல்ட்டையும் தானே தயாரிக்கும் ரகம் வேண்டும். அதில் 10.5 வோல்ட்டில் பேட்டரியைத் துண்டிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் தனியாக ஒன்று போடுங்கள். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கட்டும். ஒயர் எங்காவது உரசினால் பேட்டரி நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டும், அடாப்டர் போல அது தானாக நிறுத்தாது.